உப்பு இறங்கும் வரை

என் அப்பா மேட்டூர் அணையில் பரிசல் போட்டு மீன் பிடித்தவர். கட்லாவும் கெளுத்தியும் தெரியும், கடல் தெரியாது. அந்த வீட்டில் வளர்ந்த எனக்குள் ஒரு நினைப்பு ஊறியிருந்தது: தண்ணீர் என்றால் தண்ணீர்தான், மிதக்கிற படகு எங்கேயும் மிதக்கும். அதனால் டெக்சாஸில் இருக்கும் மாமா மகன், “நம்ம ஏரிப் படகை ராக்போர்ட்டுக்கு இழுத்துட்டுப் போய்க் கடல்ல விடலாமா மாப்ள?” என்று கேட்டதும், “போலாம் மச்சான்” என்றேன்.

பதினாறு அடி அலுமினியப் படகு. தட்டையான அடி, தாழ்ந்த விளிம்பு, மேல்தளத்தில் கம்பளம். கேன்யன் லேக் என்ற நீர்த்தேக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. டெக்சாஸில் மீன்பிடி உரிமத்திலேயே நன்னீருக்குத் தனி அனுமதி, உப்புநீருக்குத் தனி அனுமதி. அதைக் கையில் வாங்கியபோதும் ஏன் அப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்று நான் யோசிக்கவில்லை.

படகை இறக்கப் போகையில் துறையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார். வியட்நாம்காரர். போர் முடிந்து 1975க்குப் பிறகு அகதிகளாக வந்து, இந்தக் கரையோரம் இறால் பிடித்துப் பிழைத்த தலைமுறை. எழுந்து வந்தவர் எங்களைப் பார்க்கவில்லை, டிரெய்லரின் சக்கரக் குடத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். “சூடு. இப்போ தண்ணியில விட்டா உள்ளே உறிஞ்சிக்கும். அரை மணி நேரம் பொறுங்க.”

ஓடிச் சூடேறிய குடம் குளிர்ந்த நீரில் அமிழ்ந்ததும் உள்ளே காற்று சுருங்கி, வெளித் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஏரித் தண்ணீரே உள்ளிருக்கும் பேரிங்குக்குக் கேடு. உப்புத் தண்ணீர் சீக்கிரமே தின்றுவிடும். பெரியவர் அதோடு விடாமல் எஞ்சினடியில் குனிந்து, அங்கே பொருத்தியிருந்த உலோகக் கட்டியில் பொறித்திருந்த எழுத்தைப் படித்தார். மெக்னீசியம். படகின் அலுமினியத்துக்குப் பதிலாகத் தான் கரைந்துபோவதுதான் அந்தக் கட்டியின் வேலை. ஏரிக்கு மெக்னீசியம் சரி. கடலிலோ அது மளமளவென்று கரைந்து தீர்ந்துவிடும், அதன்பின் அரிப்பு படகின் மேல் திரும்பும். இங்கே துத்தநாகமோ அதற்கென்று செய்த அலுமினியக் கலவையோ வேண்டும்.

“ஒரே ஒரு நாளுக்கு என்ன ஆயிடும்?” என்று மச்சான் குரலை உயர்த்தினான். பெரியவரும் விடவில்லை. “படகு உன்னுது. உப்பு யாருதுமில்லை” என்றார். எனக்கும் கோபம் வந்தது. தண்ணீரைப் பற்றி எங்களுக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டுமா என்ற வீம்பு. ஆனாலும் அரை மணி நேரம் காத்திருந்துதான் இறக்கினோம்.

காலையில் வளைகுடா குளம்போலக் கிடந்தது. வாலில் கரும்புள்ளி கொண்ட ரெட் டிரம் மீன் ஒன்று சிக்கியது. 20 அங்குலத்துக்குக் குறைந்தால் திரும்ப விட வேண்டும், இது 23. அதைத் தூக்கிப் பிடித்தபோது இருந்த சந்தோஷம் மதியத்தோடு போயிற்று. தென்கிழக்குக் காற்று எழுந்தது. மேட்டூரில் ஆடிக் காற்றுக்கும் அலை எழும், ஆனால் நீளமாக வரும், பரிசல் ஏறி இறங்கும். ஆழமில்லாத இந்த வளைகுடாவில் அலை குட்டையாக, செங்குத்தாக, மூச்சுவிட இடமில்லாமல் வந்தது. பின்பலகையைத் தாண்டித் தண்ணீர் இரண்டு முறை உள்ளே கொட்டியது. நான் வாளியால் இறைத்துக்கொண்டே இருந்தேன். கரை சேர்ந்தபோது கை நடுங்கியது.

பெரியவர் அங்கேயே இருந்தார். ஒன்றும் சொல்லாமல் நன்னீர்க் குழாயை நீட்டினார். டிரெய்லர், சக்கரக் குடங்கள், ரிவெட் வரிசை எல்லாவற்றையும் கழுவ வைத்தார். எஞ்சின் தண்ணீர் இழுக்கும் துளைகளின் மேல் ரப்பர்க் கிண்ணங்களைக் கவிழ்த்து, அதற்குள் குழாயைச் செருகி, நல்ல தண்ணீரிலேயே பத்து நிமிடம் ஓடவிட்டார். பிறகு கம்பளத்தின் ஓரத்தைக் கிளப்பச் சொன்னார்.

கீழே ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ. அதைச் சுற்றி வெற்றிலைச் சுண்ணாம்பு காய்ந்ததுபோல வெள்ளை வளையம். பெரியவர் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். பொடி உதிர்ந்த இடத்தில் அரிசி நுழையும் அளவுக்குக் குழி. இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் உப்பு ஈரம் தங்கினால் அலுமினியம்தான் தேயும். அது ஒரு நாளில் விழுந்த குழி இல்லை. மச்சான் தலையைக் குனிந்துகொண்டான். “போன வருஷம் ஒரு தடவை வந்தேன் மாப்ள. கழுவல.”

பெரியவர் அதற்கு மேல் கேட்கவில்லை. தான் மெக்காங் கழிமுகத்தில் பிறந்தவர், மழையில்லாத மாதங்களில் கடல் ஆற்றுக்குள் ஏறி வரும் ஊர் என்று மட்டும் சொன்னார். அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் பரிசலைக் கரையில் கவிழ்த்துப்போட்டு, தார் விட்ட இடத்தை அப்பாவும் அப்படித்தான் அழுத்தி அழுத்திப் பார்ப்பார். காலையில் அவரிடம் சிடுசிடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். மீனை அவருக்கே கொடுத்தோம்.

வீடு வந்து சேர்ந்தபோது நள்ளிரவு. மச்சான் படுக்கப் போகவில்லை. வாசலில் படகின் அடித்தக்கையைப் பிடுங்கினான். உள்ளே தேங்கியிருந்த தண்ணீர் நூலாக வழிந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது. அவன் குழாயைத் திறந்தான்.