காரம் வந்த வழி

மிளகாய் என்னும் சொல்லைப் பிரித்தால் உள்ளே மிளகு இருக்கிறது. மிளகைப் போல் உறைக்கும் காய் என்று நம் முன்னோர் பெயரிட்டனர். புதிதாய் ஊருக்கு வந்தவரை, முன்பே தெரிந்த ஒருவருக்கு உறவாக்கி அறிமுகம் செய்வது நம் மக்களின் வழக்கம். கொலம்பசும் இதையேதான் செய்தார். மிளகு விளையும் நாட்டைத் தேடி 1492-இல் புறப்பட்டவருக்குக் கரிபியன் தீவுகளில் மிளகு கிடைக்கவில்லை. அத்தீவினர் உணவில் சேர்த்த உறைப்பான காயைக் கண்டு, இது இவர்களுடைய மிளகு என்று தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

வாஸ்கோ ட காமா 1498-இல் கோழிக்கோட்டில் இறங்கினார். 1510-இல் கோவா போர்த்துகீசியர் வசமாயிற்று. அடுத்து வந்த ஆண்டுகளில் அவர்களுடைய கப்பல்கள் வழியாக இக்காய் நம் கரையேறியது. மிளகு வாங்க வந்தவர்கள், அந்த மிளகையே நம் அடுப்படியிலிருந்து ஒதுக்கப்போகும் காயைக் கொண்டுவந்தார்கள் என்பதை நினைக்கையில் எனக்கு எப்போதும் சிரிப்பு வரும். முசிறித் துறையில் யவனர் பொன் கொடுத்து வாங்கிய சரக்கு மிளகு. சங்கப் புலவர்கள் அதைக் கறி என்றனர். பல நூற்றாண்டுக் காலம் தமிழரின் காரம் அதுவே. இன்றைக்கும் சிராத்தச் சமையலில் மிளகே சேரும், மிளகாய் சேராது. பிள்ளை பெற்ற தாய்க்கு வைக்கும் பத்தியக் குழம்பிலும் அப்படியே. வீட்டின் மிக முக்கியமான நாள்களில் மட்டும் பழைய நினைவு விழித்துக்கொள்கிறது போலும்.

அப்படியிருந்தும் மிளகாய் வென்றதேன்? மிளகுக்கொடிக்கு மழை மிகுந்த மலைச்சாரல் வேண்டும். குன்னம் வட்டாரத்துக் கரிசல் உழவன் அதைக் காசு கொடுத்தே வாங்கவேண்டும். மிளகாய்க்கோ பாத்திரம் கழுவிய நீர் பாயும் கொல்லைப்புறம் போதும். கம்பங்கூழுக்கும் பழைய சோற்றுக்கும் ஒரு பச்சைமிளகாயும் இரண்டு சின்ன வெங்காயமும் இருந்தால் ஏழைக்கு வேறு கறி தேவையில்லை. அது ஏழையின் மிளகாக வந்து, பிறகுதான் எல்லாருடைய மிளகாகவும் ஆயிற்று. சாத்தனூரில் கல்லாய்க் கிடக்கும் மரத்துக்கு 12 கோடி ஆண்டு வயது என்று நிலவியலார் சொல்கின்றனர். அந்த மண்ணுக்கு மிளகாயின் 500 ஆண்டு என்பது நேற்றைய பொழுது. ஆனாலும் பிள்ளைக்குத் திருஷ்டி கழிக்க உப்போடு மிளகாயைச் சுற்றி அடுப்பில் போடும் தாய்மாரிடம் கேட்டால், 'ஆதி காலத்து வழக்கம், சாமி' என்பார்கள். ஞாயிறு திருப்பலிக்குத் தவறாத தாய்மாரும் இதில் அடக்கம்.

மாசி, பங்குனியில் புது வற்றல் சந்தைக்கு வரும். பெரும்பாலும் அது தவக்காலம். வெள்ளிதோறும் சிலுவைப்பாதைக்குச் செல்லும் வழியில் மொட்டை மாடிகளிலும் களங்களிலும் செக்கச் செவேலென்று மிளகாய் காயும். கோவிலுக்குள் ஊதா நிறம், வெளியே சிவப்பு. ஆண்டு முழுவதுக்குமான குழம்புத்தூளை இந்த வெயிலில்தான் தயாரிக்க வேண்டும்.

அதன் கணக்கு வீட்டுக்கு வீடு வேறு. ஒரு கிலோ மிளகாய்க்கு ஒன்றரைக் கிலோ மல்லி என்பார் ஒருவர். இரண்டு கிலோ இல்லையேல் அது குழம்பாகாது என்பார் எதிர்வீட்டார். துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, சீரகம், வெந்தயம், விரலி மஞ்சள், ஒரு கைப்பிடி பச்சரிசி, கறிவேப்பிலை. மிளகும் உண்டு, தன் இடத்தை இழந்த பெரியவரைத் திண்ணையிலாவது அமர்த்தியிருக்கிறோம். நிறத்துக்கு நீள மிளகாயும் காரத்துக்குக் குண்டு மிளகாயும் கலப்பவர் உண்டு. அருளானந்தர் 1693-இல் இரத்தம் சிந்திய ஓரியூர் இராமநாதபுரச் சீமையைச் சேர்ந்தது. அச்சீமையின் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எல்லாவற்றையும் வெயிலில் காயவைத்தால் போதும் என்பது ஒரு கட்சி. மிளகாய் நீங்கலாக மற்றவற்றை வறுத்தே ஆகவேண்டும் என்பது மறு கட்சி. யாழ்ப்பாணத்தார் மிளகாயையும் மல்லியையும் பெருஞ்சீரகத்தையும் கறுக்க வறுத்து இடிப்பர். அவர்கள் குழம்பின் நிறமே வேறு.

பிறகு அரைவை மில். சரக்கு வெயில் சூட்டோடு போகவேண்டும். இல்லாவிடில் நன்றாக மசியாது. முன்னால் அரைத்தவர் எதை அரைத்தார் என்று பார்த்தே பெண்கள் வரிசையில் நிற்பர். வீட்டுக்கு வந்ததும் தாளில் பரப்பி ஆறவிடவேண்டும். சூட்டோடு மூடினால் வேர்த்துக் கட்டி பிடிக்கும். இவ்வளவு பாடு எதற்கு, கடையில் பொட்டலம் கிடைக்கிறதே என்று இளையோர் கேட்கின்றனர். வேலைக்குச் செல்லும் பெண்ணிடம் இதைக் கட்டாயமாக்க எனக்கு மனமில்லை. ஆனால் 2005-இல் இங்கிலாந்தில் மிளகாய்த்தூளில் கலந்திருந்த சூடான் சாயத்தால் நூற்றுக்கணக்கான உணவுப் பொருள்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற நேர்ந்தது. கண்ணெதிரே காய்ந்ததைத் தின்பதில் ஒரு நிம்மதி இருக்கத்தான் செய்கிறது.

அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்தில் மிளகாயும் இறைச்சியும் சேர்த்துச் சமைக்கும் குழம்புக்கே 'சில்லி' என்று பெயர். அதை முதலில் எழுதித் தந்தவர் ஆகிரேதா மரியா (1602–1665) என்னும் இஸ்பானியக் கன்னியர் என்றும், அவர் மடத்தை விட்டு நகராமலே வியப்பான முறையில் அங்குள்ள பழங்குடியினரிடம் சென்று வந்தார் என்றும் அங்கே ஒரு கதை உலவுகிறது. கதை அழகானது. ஆனால், தன் ஊர்க் குழம்புக்கு ஒரு புனிதரைத் தேடிப் பிடிக்காத ஊர் எது?

நம் இளைஞர் சிலர் வேலையிடங்களில் ஒரு கேள்வியைச் சந்திக்கின்றனர்: 'உங்கள் சமயம் பறங்கியர் கொண்டுவந்ததுதானே?' அதற்கு அவர்கள், 'நீங்கள் தின்னும் மிளகாயும் அதே கப்பலில்தான் வந்தது' என்று விடையிறுக்கின்றனர். கைதட்டல் கிடைக்கும் விடை. எனினும் அதோடு நான் நிறைவடைவதில்லை. மிளகாயை யாரும் நமக்குப் போதிக்கவில்லை. அதற்குப் பின்னால் போர்த்துகீசிய அரசரின் பதுரவாதோ அதிகாரம் நிற்கவில்லை. நம் நாவே அதைத் தேர்ந்துகொண்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட மறைபரப்புப் பணி ஆணை, இறைவார்த்தையை நல்ல மண்ணில் விழுந்து அம்மண்ணின் ஈரத்தை உறிஞ்சி வளரும் விதையாகக் காட்டுகிறது. ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர் அந்த ஈரத்தைத் தமிழில் தேடினார். ஆனால் விதை உறிஞ்சாமல் விட்டிருக்க வேண்டிய ஈரமும் மண்ணில் இருந்தது. சாதியைச் சொல்கிறேன்.

ஒரு வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். ஊரையும் பெயரையும் விடுகிறேன். ஊரறிந்த செய்தியைத்தான் எழுதுகிறேன். ஒப்புரவுத் தொட்டியில் கேட்டதை அன்று. ஒரு மூதாட்டியின் இளைய மகன் வேறு சாதிப் பெண்ணை மணந்தான். பெண்ணும் கத்தோலிக்கரே, மணம் நம் கோவிலில்தான் நடந்தது. மூதாட்டி வரவில்லை. பதினோர் ஆண்டுகள் அவ்வீட்டு வாசற்படியை மிதிக்கவுமில்லை. எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். 'பேசாதீங்க சாமி' என்பதே விடை. ஆயினும் ஆண்டுதோறும் தூள் அரைத்ததும் மூன்று பங்காக்கி, ஒரு பங்கைத் தூக்குவாளியில் பேரனிடம் கொடுத்தனுப்புவார். மருமகள் வாளியைக் கழுவி, வெறுமையாய் அனுப்பக்கூடாது என்று சிறிது சர்க்கரை போட்டுத் திருப்புவார். அந்தச் சர்க்கரையை மூதாட்டி என்ன செய்தார் என்று யாருக்கும் தெரியாது.

ஒரு மாசியில் அரைத்தவர் சித்திரையில் இறந்தார். முப்பதாம் நாள் திருப்பலிக்குப் பின் விருந்தில் வைத்த குழம்பு அவர் அரைத்த தூளில் வைத்ததுதான். இலையின் முன் அமர்ந்த பெரிய மகன் முதல் கவளத்தோடு எழுந்துவிட்டான். ஆடியில் ஜாடி காலியாயிற்று. அப்போதுதான் பெரிய மகனுக்கும் மகளுக்கும் கணக்குத் தெரியவில்லை என்பது வெளிப்பட்டது. கேட்டால் தருகிற தாய் இருந்தவரையில் எதையும் எழுதி வைக்கத் தோன்றவில்லை. கணக்கை அறிந்தவர் இளைய மருமகள் ஒருவரே. அந்த வீட்டு அடுப்படிக்குள் நுழையாத அவர், பதினோர் ஆண்டுகளாக அத்தூளை நாவில் வைத்து வைத்து, மல்லி எவ்வளவு, வெந்தயம் எவ்வளவு என்று தாமாகவே கண்டுபிடித்திருந்தார்.

அடுத்த மாசியில் நாத்தனார் வந்து அழைத்தார். நிலப் பங்கில் அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை. இன்றும் அது தீரவில்லை. ஆனாலும் ஆறு கிலோ மிளகாய் மாமியார் வீட்டு மாடியில் காய்ந்தது. அரைத்த மறுநாள் பங்கு இல்லத்துக்கும் ஒரு டப்பா வந்தது. கொண்டுவந்தவர் இளைய மருமகள். போகாமல் நின்றார். நான் மூடியைத் திறந்து முகர்ந்தேன்.

'வெந்தயம் கொஞ்சம் கூடிடுச்சோ, சாமி? அத்தை இவ்வளவு போடமாட்டாங்க' என்றார்.