நத்தத்துக்கும் கிடைத்த வாய்ப்பு! - அஷ்வினும் திண்டுக்கல் ரசிகர்களும்

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் 'நத்தம்' போர்டு போட்ட பஸ்ஸில் ஏறி, வலது பக்க ஜன்னலோரம் இடம் பிடித்துவிட்டால் போதும். ஊரைத் தாண்டியதுமே சிறுமலை கூடவே வரத் தொடங்கிவிடும். சாணார்பட்டி, கோபால்பட்டி என ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போகும். மலை மட்டும் விடாமல் கூட வரும். இடது பக்கம் தூரத்தில் கரந்தமலை. நடுவில் மாந்தோப்புகளும் மானாவாரிக் காடுகளுமாக விரிந்து கிடக்கும் செம்மண் சமவெளி. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக்குறைய ஆகும் இந்தப் பயணத்தின் முடிவில், கல்லூரிக் கட்டடங்களுக்கு நடுவே உயர்ந்து நிற்கும் ஃப்ளட் லைட் கம்பங்கள் தெரியும். அதுதான் என்.பி.ஆர் கல்லூரி மைதானம்.

இந்தியாவுக்காக 537 டெஸ்ட் விக்கெட்டுகள் எடுத்த ரவிச்சந்திரன் அஷ்வினை, சர்வதேச ஓய்வுக்குப் பிறகு கைதட்டி வரவேற்கும் வாய்ப்பு இந்த மைதானத்துக்கும் கிடைத்தது!

சொல்லாமல் முடிந்த கடைசி டெஸ்ட்

2024 டிசம்பர் 18. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் மூன்றாவது டெஸ்ட் டிராவில் முடிகிறது. கேப்டன் ரோஹித் ஷர்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்த அஷ்வின், சர்வதேச கிரிக்கெட்டிலிருந்து ஓய்வு பெறுவதாக அறிவிக்கிறார். அந்த டெஸ்ட்டில் அவர் ஆடவே இல்லை. தொடரில் இன்னும் இரண்டு டெஸ்ட்கள் பாக்கி. மறுநாளே சென்னை திரும்பிவிட்டார். மேற்கு மாம்பலம் வீட்டு வாசலில் மேளதாளம், மாலை, பூமழை. அவ்வளவுதான். 106 டெஸ்ட் ஆடியவருக்கு ஒரு ஃபேர்வெல் மேட்ச் இல்லை.

2013-ல் சச்சின் டெண்டுல்கர் விடைபெற்றபோது மும்பை வான்கடே மைதானமே எழுந்து நின்று அழுததைப் பார்த்த ரசிகர்களுக்கு, இது தொண்டையில் சிக்கிய முள். சேப்பாக்கத்தில் அப்படி ஒரு நாள் வரும் என்று நினைத்திருந்தார்கள். உண்மையில் அந்த நாள் வந்து போய்விட்டது, யாருக்கும் தெரியவில்லை. 2024 செப்டம்பரில் வங்கதேசத்துக்கு எதிராகச் சேப்பாக்கத்தில் 113 ரன்கள் அடித்து, இரண்டாவது இன்னிங்ஸில் 6 விக்கெட்டுகளையும் சாய்த்து ஆட்ட நாயகன் விருது வாங்கினாரே, அதுதான் சொந்த ஊரில் அவர் ஆடிய கடைசி டெஸ்ட்.

ஃபேர்வெல் மேட்ச் என்ற விஷயத்தில் தனக்கு நம்பிக்கை இல்லை என்று அஷ்வினே பின்னர் தன் யூடியூப் சேனலில் விளக்கினார். அணியில் இடம் பெறத் தகுதி இருந்தால் ஆட வேண்டும்; வழியனுப்புவதற்காக மட்டும் ஓர் இடம் தருவதை ஏற்க முடியாது என்பது அவர் கட்சி. நியாயம்தான். ஆனால், ரசிகனின் கணக்கு வேறு. 13 வருடம் டி.வி முன்னால் உட்கார்ந்து பார்த்தவனுக்கு, ஒரே ஒரு முறை எழுந்து நின்று கைதட்ட வேண்டும். அதை எங்கே போய்த் தட்டுவது?

பிரிஸ்பேனில் அவர் சொன்ன இன்னொரு விஷயத்தில் அதற்கான பதில் இருந்தது. தனக்குள் இன்னும் கொஞ்சம் ஆட்டம் மிச்சம் இருக்கிறது, அதை கிளப் அளவிலான கிரிக்கெட்டில் காட்டப்போகிறேன் என்றார். ஐ.பி.எல் அதில் ஒன்று. இன்னொன்று, டி.என்.பி.எல். அதாவது, நத்தம் ரோடு!

பூட்டு, பிரியாணி... அப்புறம் டிராகன்ஸ்

திண்டுக்கல் என்றதும் வெளியூர்க்காரர்கள் கேட்பது இரண்டு. ஒன்று, சீரக சம்பா பிரியாணி. இன்னொன்று, பூட்டு. கையாலேயே செய்யப்படும் திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஊருக்கு நடுவே திண்டு போலப் படுத்திருக்கும் மலையும், அதன் மேல் நாயக்கர் காலத்தில் எழுந்து பிறகு ஹைதர் அலி, திப்பு சுல்தான் கைகளுக்கும் போன கோட்டையும் மூன்றாவது. மாலை வெயில் தாழ்ந்த பிறகு கோட்டை ஏறினால் ஊர் முழுவதும் காலடியில் விரியும்.

2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியபோது, இந்தப் பட்டியலில் நான்காவதாக ஒன்று சேர்ந்தது. திண்டுக்கல் டிராகன்ஸ்! முதல் சீசன் மூன்றே மைதானங்களில்தான் நடந்தது. சேப்பாக்கம், திருநெல்வேலி, அடுத்து நத்தம். அதுவரை பெரிய கிரிக்கெட் பார்க்க வேண்டுமென்றால் ராத்திரி ரயிலேறிச் சென்னைக்குப் போக வேண்டியிருந்த மாவட்டம் இது. இப்போது தோட்ட வேலை முடித்து, குளித்து, டவுன் பஸ் ஏறி வந்தே மேட்ச் பார்க்கலாம் என்ற நிலை வந்தது. அணியின் முகமாக அஷ்வின் பெயர் ஒட்டிக்கொண்டது. சென்னையில் பிறந்து வளர்ந்தவர்தான். ஆனாலும், திண்டுக்கல் பெயர் போட்ட ஜெர்சியைப் போட்டவரை நம்ம ஊர்க்காரர் கணக்கில் சேர்த்துக்கொள்வதில் யாருக்கும் தயக்கம் இருக்கவில்லை.

இங்கே அவர் டி.என்.பி.எல் மட்டும் ஆடவில்லை. 2019 டிசம்பரில் தமிழ்நாடு - கர்நாடகா ரஞ்சிப் போட்டி இதே மைதானத்தில் நடந்தது. வெற்றிக்கு 181 ரன்கள் தேவை. கர்நாடகாவின் கௌதம் சுழலில் சிக்கி, கடைசி நாளில் வெறும் 26 ரன்களில் தமிழ்நாடு தோற்றது. அஷ்வினும் ஆடிய அந்தத் தோல்வி இன்றும் பல ரசிகர்களுக்கு ஆறவில்லை.

லண்டன் டு கோவை

மாவட்ட ரசிகர்கள் அவரைக் கொண்டாட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இந்த லீக்கை அவர் சின்ன இடமாக நினைத்ததே இல்லை. 2023 ஜூனில் லண்டன் ஓவலில் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் ஃபைனல். லெவனில் அஷ்வினுக்கு இடம் இல்லை. அந்தக் காயத்தோடு ஊர் திரும்பியவர், மேட்ச் முடிந்த மூன்றாவது நாள் கோவையில் டிராகன்ஸ் ஜெர்சியோடு நின்றார். திருச்சி அணிக்கு எதிரான அந்த ஆட்டத்தில், பேட்ஸ்மேன் ரிவ்யூ எடுத்து நாட் அவுட் ஆனதும், அதே பந்துக்கு இவர் மறுபடியும் ஒரு ரிவ்யூ கேட்டு அம்பயரையே குழப்பியது தனிக்கதை.

2018 ஃபைனலில் மதுரையிடம் தோற்ற டிராகன்ஸுக்கு, 2024-ல் முதல் கோப்பை கிடைத்தது. அந்த சீசனின் பிளே ஆஃப் சுற்றில் பேட்ஸ்மேன் அஷ்வின்தான் ஹீரோ. எலிமினேட்டரில் 57, குவாலிஃபயரில் 30 பந்துகளில் 69 நாட் அவுட், ஆகஸ்ட் 4 அன்று சேப்பாக்கத்தில் கோவைக்கு எதிரான ஃபைனலில் 52. அடுத்தடுத்து மூன்று அரை சதங்கள். அடுத்த நான்கரை மாதங்களில் பிரிஸ்பேன் அறிவிப்பு.

அந்த ஐந்து நாள்கள்

2025 சீசன், சர்வதேச ஓய்வுக்குப் பிறகு வந்த முதல் டி.என்.பி.எல். இந்த முறை பிளே ஆஃப் ஆட்டங்களும் ஃபைனலும் நத்தத்துக்கே வந்தன.

ஓய்வு பெற்றவர் சும்மா வந்து கையசைத்துவிட்டுப் போவார் என்று நினைத்திருந்தால் ஏமாற்றம்தான். ஜூன் மாதம் கோவையில் ஓர் எல்.பி.டபிள்யூ தீர்ப்பில் அம்பயரிடம் கோபப்பட்டு, பேட்டால் பேடில் அடித்துக்கொண்டு வெளியேறி, சம்பளத்தில் 30 சதவிகிதம் அபராதம் கட்டினார். செய்தது சரியில்லை. ஆனால், 38 வயதிலும் ஒரு உள்ளூர் லீக் ஆட்டத்தில் அவுட் ஆனதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை என்பதையும் அது சொன்னது.

ஜூலை 2, நத்தம். திருச்சிக்கு எதிரான எலிமினேட்டர். தோற்றால் வீட்டுக்கு. பந்துவீச்சில் 3 விக்கெட்டுகள் எடுத்தார். பிறகு ஓப்பனிங் இறங்கி 48 பந்துகளில் 83 ரன்கள். மிச்சம் இருக்கிறது என்று பிரிஸ்பேனில் சொன்னது இதைத்தான்! ஜூலை 4-ல் சேப்பாக் சூப்பர் கில்லீஸை வென்று, சொந்த மைதானத்திலேயே ஃபைனல்.

கதையாக இருந்தால் இந்த இடத்தில் கோப்பை வந்திருக்கும். ஜூலை 6 அன்று நடந்தது வேறு. திருப்பூர் தமிழன்ஸ் 220 ரன்கள் குவித்தது. டிராகன்ஸ் 102 ரன்களுக்கு ஆல் அவுட். 118 ரன்கள் வித்தியாசத்தில் தோல்வி.

அன்று டிக்கெட் வாங்கியவர்கள் ஃபைனலுக்குத்தான் வாங்கினார்கள். வழியனுப்பு விழாவுக்கு அல்ல. ஆனால், சரியாக 52 நாள்கள் கழித்து, ஆகஸ்ட் 27-ல் ஐ.பி.எல்-லிலிருந்தும் விடைபெறுவதாக அஷ்வின் அறிவித்தார். அதன் பிறகு திரும்பிப் பார்க்கையில், அந்த ஐந்து நாள்களுக்கு வேறு கனம் கூடிவிட்டது. சேப்பாக்கமும் வான்கடேவும் பெரிய கேலரிகள் கொண்டவை. அங்கே வீரன் ஒரு புள்ளி. நத்தத்தில் பவுண்டரி லைனில் நிற்பவரின் முகம் தெரியும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காதில் விழும். கேப்டன், ஓப்பனர், பவுலர் என மூன்று வேலையும் பார்த்து, ஜெயித்து, கோபப்பட்டு, கடைசியில் தோற்றும் போன மனிதரை அவ்வளவு பக்கத்தில் பார்த்து அனுப்பியிருக்கிறார்கள். விழா மேடையில் இது கிடைக்காது.

சொடக்கு பால் மிச்சம் இருக்கிறது

நத்தம் வரை போகிறவர்கள் ஊருக்குள் இருக்கும் மாரியம்மன் கோயிலையும் பார்த்துவிடலாம். மாசித் திருவிழாவில் பூக்குழியும், வழுக்கும் கழுமரத்தில் இளைஞர்கள் போட்டி போட்டு ஏறுவதும் இங்கே பிரசித்தம். மேட்ச் பார்க்கத்தான் போக வேண்டுமென்றால் ஜூன், ஜூலை சரியான நேரம். பகல் வெயில் இருந்தாலும் மாலையானால் காற்று பிய்த்துக்கொண்டு வீசும். நத்தம் மாம்பழ சீசனின் கடைசிப் பழங்களும் கிடைக்கும். இரவு ஆட்டம் முடிய மணி பதினொன்றை நெருங்கும் என்பதால், திரும்பும் பஸ்ஸைப் பற்றி முன்பே விசாரித்து வைப்பது நல்லது.

மேட்ச் இல்லாத நாளில் போனாலும் நஷ்டம் இல்லை. இந்தச் சாலையில் ஊருக்கு ஊர் ஏதாவது ஒரு பொட்டலில் டென்னிஸ் பால் கிரிக்கெட் நடக்கும். உலகம் 'கேரம் பால்' என்று சொல்லும் அஷ்வினின் பந்து, சென்னைத் தெருக்களில் டென்னிஸ் பந்தில் அவர் கற்றுக்கொண்ட 'சொடக்கு பால்'தான். நடுவிரலால் சுண்டிவிடும் அந்தப் பந்தைப் போட்டுப் பார்க்காத பையன்கள் இன்று குறைவு. பாதிப் பந்து நேராகக் கீப்பர் தலைக்கு மேல் போகும், ஒன்றிரண்டு திரும்பும்.

திரும்பி வரும்போது இடது பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். சிறுமலை அந்தப் பக்கம்தான் வரும்.