மெனோரா: ஜெருசலேம் ஆலயத்து விளக்குக்கும் நாகூர் மனோராவுக்கும் என்ன சொந்தம்?

'மெனோரா' என்று கூகுளில் தட்டினால் வரிசையாகப் படங்கள் வந்து விழும். சிலவற்றில் ஏழு கிளைகள், சிலவற்றில் ஒன்பது. டிசம்பர் மாதம் என்றால் ஒன்பது கிளைப் படங்கள்தான் அதிகம். எதைப் பார்த்தாலும் எண்ணிப் பார்க்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு இங்கே குழப்பம் வந்துவிடும். எதுதான் மெனோரா?

இரண்டுமே. கூடவே, இஸ்ரேலில் ஒரு பள்ளிப் பிள்ளை வீட்டுப்பாடம் எழுதும்போது தட்டிவிடுகிற டேபிள் லேம்ப்புக்கும் பெயர் மெனோராதான். உலகின் மிகப் புனிதமான பாத்திரங்களில் ஒன்றின் பெயர், எப்படி மேசை விளக்குக்கும் பெயராக இருக்க முடியும்?

சொல்லைப் பிரித்துப் பார்த்தால் புரியும். ஹீப்ருவில், அதாவது நம் பைபிள் சொல்கிற எபிரேயத்தில், 'நேர்' என்றால் அகல். எண்ணெயும் திரியும் உள்ள சிறு விளக்கு. (தமிழ் 'நேர்' வேறு, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) ஒரு வேர்ச்சொல்லின் முன்னால் 'ம' ஓசையைச் சேர்த்தால், அது நடக்கிற இடத்தையோ அதற்கான பொருளையோ குறிக்கிற சொல் கிடைக்கும். 'ஷகன்' என்றால் தங்கினான், 'மிஷ்கன்' என்றால் தங்குமிடம். பைபிளில் வருகிற ஆசரிப்புக் கூடாரத்துக்கு ஹீப்ருவில் மிஷ்கன் என்றுதான் பெயர். அதன் உறவு மொழியான அரபியிலும் இதே கதைதான். ஸஜ்தா செய்கிற இடம் மஸ்ஜித். தமிழ் வாசகர்களுக்கு இதைவிடப் பக்கத்து உதாரணம் வேண்டியதில்லை.

ஆக, மெனோரா என்றால் வெளிச்சத்துக்கான இடம், அகலைத் தாங்குகிற தண்டு. அவ்வளவுதான். அந்தச் சொல்லுக்குள் ஏழும் இல்லை, பொன்னும் இல்லை, கடவுளும் இல்லை.

தமிழ் பைபிளில் இதற்குக் 'குத்துவிளக்கு' என்று போட்டிருக்கிறார்கள். நல்ல தேர்வு. நம் குத்துவிளக்குக்குக் கிளை கிடையாது, உருவம் வேறு. ஆனால் தரையில் நிற்கும், பூஜை அறையிலும் இருக்கும், கல்யாண மேடையிலும் இருக்கும். மெனோராவும் அப்படித்தான் இருந்தது. இரண்டாம் ராஜாக்கள் புத்தகத்தில் சூனேம் ஊரைச் சேர்ந்த ஒரு பெண்மணி, எலிசா தீர்க்கதரிசி வந்து தங்குவதற்காக மாடியில் ஓர் அறை கட்டுகிறார். அங்கே ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு விளக்கு. அந்த விளக்குக்கு மூல மொழியில் இருக்கிற சொல் மெனோரா. விருந்தாளி அறையின் சாமான்களில் ஒன்று!

அதே சொல்தான் யாத்திராகமத்தின் 25-ம் அதிகாரத்தில் வேறு உயரத்துக்குப் போகிறது. அங்கே சொல்லப்படுகிற மெனோரா ஒரு தாலந்து பசும்பொன்னால் ஆனது. தாலந்து என்பது சுமார் 34 கிலோ என்று கணக்கிடுகிறார்கள். நம் வீட்டுக் கணக்கில் 4,000 பவுனுக்கு மேல். தனித்தனியாகச் செய்து ஒட்டக் கூடாது. ஒரே பொன்கட்டியை அடித்து அடித்து, நடுத்தண்டும் பக்கத்துக்கு மூன்றாக ஆறு கிளைகளும் அதிலிருந்தே எழ வேண்டும். நகை ஆசாரிகளைக் கேட்டால் இது எத்தனை பெரிய வேலை என்று சொல்வார்கள். மோசேக்கே இந்த விளக்கின் அமைப்பு பிடிபடவில்லை, கடவுள் காட்டித்தர வேண்டியிருந்தது என்று யூத மரபில் ஒரு கதை உண்டு.

கிளைகளில் வாதுமைப் பூ வடிவக் கிண்ணங்கள், மொக்குகள், மலர்கள். ஏன் வாதுமை? அந்த நாட்டில் குளிர்காலம் முடிவதற்கு முன்பே, இலைகூட வராத நேரத்தில், முதலில் பூக்கிற மரம் அது. ஹீப்ருவில் அதன் பெயர் 'ஷாகேத்'. விழித்திருப்பதைக் குறிக்கும் சொல்லும் இதே வேர்தான். இரவு முழுக்க எரிய வேண்டிய விளக்குக்கு இதைவிடப் பொருத்தமான பூ கிடைக்காது.

எண்ணெயும் ஏனோதானோ எண்ணெய் கிடையாது. ஒலிவப் பழத்தை இடித்துப் பிழிந்த தெளிந்த எண்ணெய் மட்டும். காலையில் ஆசாரியர் வந்து திரியையும் அகலையும் சுத்தம் செய்வார், மாலையில் ஏற்றுவார். தமிழில் 'விளக்கு' என்ற ஒரே சொல் தீபத்தையும் குறிக்கிறது, பல் விளக்குவதையும் குறிக்கிறது, புரியாததை விளக்குவதையும் குறிக்கிறது. அந்த ஆசாரியரின் காலை வேலையைத் தமிழில் சொல்வது சுலபம். அவர் விளக்கை விளக்கினார்.

பிறகு வந்தது இழப்பு.

கி.பி. 70-ல் ரோமானியத் தளபதி டைட்டஸ் ஜெருசலேமைப் பிடித்தார். ஆலயம் தீக்கிரையானது. அங்கிருந்த பொருட்கள் ரோம் நகரத்துக்கு வெற்றி ஊர்வலமாகக் கொண்டுபோகப்பட்டன. டைட்டஸ் இறந்த பிறகு எழுப்பப்பட்ட வளைவு இன்றும் ரோமில் நிற்கிறது. அதன் உள்பக்கச் சுவரில், தலையில் இலைமுடி சூடியவர்கள் ஏழு கிளை விளக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிற சிற்பம் இருக்கிறது. இப்போது அது வெறும் வெள்ளைக் கல். 2012-ல் ஆய்வாளர்கள் கருவி வைத்துப் பார்த்தபோது, விளக்கின் மேல் மஞ்சள் காவி நிறத்தின் மிச்சம் தெரிந்தது. ஒரு காலத்தில் அந்தக் கல் விளக்கு பொன் நிறத்தில் மின்னியிருக்கிறது. ரோமில் வாழ்ந்த யூதர்கள் அந்த வளைவுக்குக் கீழே நடப்பதில்லை என்பது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம்.

நிஜ விளக்கு என்ன ஆனது? 455-ல் வாண்டல்கள் ரோமைச் சூறையாடியபோது ஆலயப் பொக்கிஷங்களை கார்த்தேஜுக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். 534-ல் பைசாந்தியத் தளபதி பெலிசாரியஸ் அவற்றைக் கான்ஸ்டான்டிநோபிளுக்குக் கொண்டுவந்ததாக வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு தடயம் இல்லை.

இங்கேதான் சொல்லுக்கு ஒரு விசித்திரமான நிலை வந்தது. பொருள் போய்விட்டது, பெயர் மிச்சம். அதைப் போலவே இன்னொன்று செய்துகொள்ளலாமே என்றால், அதுவும் கூடாது. ஆலயத்தில் இருந்ததைப் போல ஏழு கிளை விளக்கை வீட்டுக்கென்று செய்யக் கூடாது என்று தல்மூத் தடுக்கிறது. ஐந்து, ஆறு, எட்டு கிளை வைத்துக்கொள்ளலாம். ஏழு மட்டும் வேண்டாம். மதிப்பு அதிகம் என்பதாலேயே தொடாமல் விட்டுவிட்டார்கள்.

அந்த ஒன்பது கிளை? அது ஹனுக்கா பண்டிகையின் விளக்கு. கி.மு. 164-ல், அந்நியர் தீட்டுப்படுத்திய ஆலயத்தை மக்கபேயர்கள் மீட்டுச் சுத்தம் செய்தார்கள். ஒரு நாளுக்கு மட்டுமே இருந்த எண்ணெய் எட்டு நாள் எரிந்தது என்பது நம்பிக்கை. எட்டு நாளுக்கு எட்டுச் சுடர். ஒன்பதாவதன் பெயர் 'ஷமாஷ்', அதாவது பணியாள். பண்டிகைச் சுடர்களின் வெளிச்சத்தில் படிக்கவோ வேலை பார்க்கவோ கூடாது, பார்த்து மகிழ மட்டுமே அவை. மற்றவற்றை ஏற்றவும், தப்பித்தவறி யாராவது அந்த வெளிச்சத்தைப் பயன்படுத்திவிட்டால் பழியை ஏற்றுக்கொள்ளவும் இந்தப் பணியாள். பண்டிகையிலும் ஒருவர் டியூட்டியில் இருந்துதான் ஆக வேண்டும்!

இதையும் மெனோரா என்றே அழைத்து வந்தார்கள். ஆங்கிலத்தில் இன்றும் அப்படித்தான். தனிப்பெயர் பரவியது 19-ம் நூற்றாண்டின் கடைசியில்தான், அதுவும் ஒரு பத்திரிகைக் குடும்பத்திலிருந்து. எலியேசர் பென் யெஹூதா 1881-ல் ஜெருசலேமுக்கு வந்தவர். வேதத்திலும் எழுத்திலும் இருந்த ஹீப்ருவை வீட்டுப் பேச்சு மொழியாக்கியே தீருவது என்று நின்றவர். சமையலறைக்கும் தெருவுக்கும் சொல் தேடித்தேடி உருவாக்கிய வீடு அது. அவருடைய மனைவி ஹெம்தாதான் 'ஹனுக்கியா' என்ற சொல்லைத் தங்கள் பத்திரிகையில் எழுதிப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். இன்று இஸ்ரேலில் ஒன்பது கிளை விளக்கென்றால் ஹனுக்கியாதான்.

இதனால் மெனோராவுக்கு ஒரு சுமை குறைந்தது. பழைய அர்த்தத்துக்கே திரும்பி, டேபிள் லேம்ப் ஆனது. உள்ளே மாட்டுகிற பல்பு 'நூரா'. இன்னொரு பக்கம், 1949 பிப்ரவரியில் இஸ்ரேல் தன் அரசுச் சின்னத்தைத் தேர்ந்தெடுத்தபோது, இரண்டு ஒலிவக் கிளைகளுக்கு நடுவே மெனோராவை வைத்தது. எந்த மெனோரா தெரியுமா? ரோமில் டைட்டஸ் வளைவில், தோற்றவர்களின் சொத்தாகச் செதுக்கப்பட்ட அதே வடிவம்.

'நூரா' என்றதும் சிலருக்கு நூர்ஜஹான் நினைவுக்கு வந்திருக்கும். சரியாகத்தான் வந்திருக்கிறது. அரபியில் 'நூர்' என்றால் ஒளி. ஹீப்ருவின் 'நேர்' அதற்கு ரத்த சொந்தம். அந்த நூருக்கு முன்னால் அதே 'ம' சேர்ந்தால் 'மனாரா': வெளிச்சத்துக்கான இடம், கலங்கரை விளக்கம். பிறகு அது பள்ளிவாசலின் உயர்ந்த கோபுரத்துக்கும் பெயராகி, மினார், மினாரா என்று ஊர் ஊராகப் போனது. தமிழ்க் கடற்கரையில் கரையேறி 'மனோரா' ஆனது.

நாகூர் தர்காவின் ஐந்து கோபுரங்களையும் மனோரா என்றுதான் சொல்கிறார்கள். அவற்றில் உயரமான பெரிய மனோரா 131 அடி. கட்டித்தந்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். தெற்கே மல்லிப்பட்டினம் பக்கம் இன்னொரு மனோரா. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாக இரண்டாம் சரபோஜி 1814-15 காலத்தில் கட்டிய எட்டு அடுக்குக் கட்டடம். 2004 சுனாமியில் அடிபட்டு, பிறகு சீரமைக்கப்பட்டது. ஹீப்ருவிலிருந்து நேராக வந்த சொல் இல்லை இது. அக்கா வீட்டுப் பிள்ளையும் தங்கை வீட்டுப் பிள்ளையும் போல, ஒரே வேரிலிருந்து தனித்தனியாக வளர்ந்தவை.

பட்டுக்கோட்டையில் இறங்கி 'மனோராவுக்கு எந்த பஸ்?' என்று கேட்டால் வழி சொல்லிவிடுவார்கள். ஜெருசலேமில் போய் மெனோரா வேண்டும் என்று கேட்டால், எந்த மெனோரா என்று திருப்பிக் கேட்பார்கள்: நாடாளுமன்றத்துக்கு எதிரே நிற்கிற வெண்கல விளக்கா, கடையில் விற்கிற படிக்கிற விளக்கா என்று.