மேலே தணல், கீழே தணல்

(இளங்கலை வரலாறு, இரண்டாம் ஆண்டு)

வள்ளுவர் கண்ட அறம், பாரதி கண்ட பெண்மை என்று கட்டுரைகள் வரிசையாக நிற்கும் இம்மலரில் உருளைக்கிழங்குக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆனால் எங்கள் வீட்டில் தீர்ப்பாகாமல் கிடக்கும் ஒரு வழக்கில் உருளைக்கிழங்குதான் முதல் சாட்சி. ஆதலால் அதை விட்டு வேறொன்றை எழுத எனக்கு மனம் வரவில்லை.

முதலில் ஒரு சொல் விளக்கம். நாஞ்சில் நாட்டில் 'கிழங்கு' என்று மட்டும் சொன்னால் அது மரச்சீனிதான். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பயிரிடப் பெரிதும் ஊக்கம் தந்தார் என்பர். 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அரிசி வரத்து நின்றபோது திருவிதாங்கூர் மக்களின் வயிற்றைக் காத்தது அந்தக் கிழங்கே. அன்று நம் மாவட்டமும் திருவிதாங்கூரில் அடங்கியதுதானே! எங்கள் ஆச்சி அப்போது கைக்குழந்தை. மரச்சீனி மாவில் வளர்ந்த உடம்பு என்று இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். உருளைக்கிழங்கு அவளுக்கு வேற்றாள். "அது வாயுவாக்கும்" என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவாள்.

வேற்றாள் என்பதும் பொய்யன்று. தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலையில் பிறந்து, ஸ்பானியர் கப்பலில் ஐரோப்பா போய், பிறகு நம் நாட்டுக்கு வந்த கிழங்கு அது. நீலகிரியில் அதைப் பயிரிட வழி செய்தவர் கோயம்புத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் என்று படித்திருக்கிறோம். நிற்க.

என் அப்பா ஒரு சமையல்காரர். பள்ளிப் படிவங்களில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் அம்மா 'வெளிநாட்டில் வேலை' என்று எழுதுவாள். 'சமையல்' என்று ஒருநாளும் எழுதியதில்லை. நான் பிறப்பதற்கு முன்பே, 2002-இல், சவுதி அரேபியாவின் ஜுபைல் நகருக்குப் போனவர் அவர். ஒரு கட்டட நிறுவனத்தின் முகாமில் வேலை. முதல் இரண்டு ஆண்டுகள் வெங்காயம் உரிப்பதும் அண்டா கழுவுவதும்தான். பிறகு கோவாக்காரரான தலைமைச் சமையற்காரர் இவர் கைவேகத்தைக் கண்டு, பொறியாளர்கள் உண்ணும் மெஸ்ஸுக்கு மாற்றிக்கொண்டார். ஐரோப்பிய உணவு வகைகளெல்லாம் அங்கே கற்றவை.

இரண்டாண்டுக்கு ஒருமுறை ஒன்றரை மாத விடுப்பில் வருவார். வந்தால் விருந்தாளி! "ஆம்பிளைக்கு அடுக்களையில என்ன சோலி?" என்பாள் ஆச்சி. அவரும், "அங்கதான் கிண்டிக் கிண்டிக் கை ஓய்ஞ்சுட்டே, இங்கயாவது இருந்து திங்கேன்" என்று படிப்புரையில் சாய்ந்துகொள்வார். பல நாட்டு மனிதர் பதினெட்டு ஆண்டுகள் உண்ட கைச்சமையலை அவர் பெற்ற பிள்ளைகள் ஒருவேளைகூட உண்டதில்லை. எண்ணிப் பார்த்தால் இது என்ன விந்தை!

2020-இல் நோய்த்தொற்று வந்தது. முகாம் மூடப்பட்டது. வந்தே பாரத் திட்டத்தின் விமானமொன்றில் திருவனந்தபுரம் வந்து இறங்கினார் அப்பா. கடைசி நான்கு மாதச் சம்பளம் இன்றுவரை வரவில்லை. இங்கே வேலை தேடிப் போன இடத்தில், "சால்னா வைக்கத் தெரியுமா?" என்று கேட்டார்கள். தெரியும். ஒரு புரோட்டாக் கடையில் இரவு வேலைக்குச் சேர்ந்தார். வயது ஐம்பத்திரண்டு, முழங்கால் வலி வேறு. இப்போது ஏஜெண்ட் ஒருவர், "ஜூன் பிறந்தால் விசா, ஒரு லட்சத்து இருபதாயிரம் கட்டினால் போதும்" என்று வாரம் தவறாமல் பேசுகிறார். போவதா, இருப்பதா? இதுதான் நான் சொன்ன வழக்கு. அம்மா வாய் திறப்பதில்லை. ஆச்சி மட்டும், "போவட்டும், போவட்டும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைப்பாள்.

ஓண விடுமுறையில் ஒரு பிற்பகல். "அங்க வெள்ளைக்காரனுவளுக்கு என்னெல்லாம் செய்து குடுப்பிய?" என்று சும்மா கேட்டேன்.

"ஆயிரம் உண்டு மக்களே. ஆனா வெள்ளிக்கிழமை கிராட்டின் இல்லேன்னா எல்லாவனும் மொகத்தைத் தூக்கிட்டு இருப்பான்."

கிராட்டின் என்பது வேறொன்றுமில்லை. உருளைக்கிழங்கு வில்லைகளையும் வெங்காயத்தையும் அடுக்கடுக்காக வைத்து, பாற்குழம்பு ஊற்றி, மேலே சீஸ் எனும் பாலாடைக்கட்டியைத் துருவித் தூவி, சூட்டடுப்பில் வேகவைத்து எடுப்பது. அறுபது பேருக்கு பன்னிரண்டு கிலோ கிழங்கு பிடிக்குமாம்.

"நமக்கும் செய்து தாருங்க."

"அதுக்கு அவன் வேணுமே."

"எவன்?" என்றாள் ஆச்சி. ஓவன் என்னும் அடுப்பைத்தான் அப்பா அங்குள்ளோர் சொல்லும் முறையில் சொன்னார் என்று விளக்குவதற்குள் வீடே சிரித்துவிட்டது. அப்பா சிரித்துப் பல நாளாகியிருந்தது.

அறிவியல் மாணவர்கள் பொறுத்தருள்க. எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். நம் அடுக்களையில் தீ என்றும் கீழேதான். அவித்தாலும் வேகவைத்தாலும் தண்ணீர் இருக்கும்வரை சூடு நூறு டிகிரியைத் தாண்டாது. இட்லி வெள்ளையாகவே வெந்து இறங்குவதற்குக் காரணம் அதுதான். உணவின் மேனி பொன்னிறமாக ஏறக்குறைய நூற்று நாற்பது டிகிரி வேண்டும். அப்போதுதான் புரதமும் சர்க்கரையும் கூடிப் புதிய நிறமும் மணமும் பிறக்கின்றன. லூயி கமில் மையார் என்ற பிரெஞ்சு அறிஞர் 1912-இல் இதை விளக்கினார். சூட்டடுப்பில் நாற்புறமும் உலர்ந்த சூடு. ஆகவே மேற்பரப்பும் சிவக்கும். நமக்கு வேண்டியது மேலிருந்து வரும் ஒரு தீ.

அதற்கு அப்பா கண்ட வழி எளிது. கொல்லையில் மூன்று கல் கூட்டி, சிரட்டைகளை எரித்துத் தணலாக்கினார். கனத்த அலுமினிய உருளி ஒன்று. அதன் அடியில் ஆற்றுமணல் பரப்பிய பழைய இரும்புச் சட்டி. மூடிக்குப் பதிலாக இரும்புத் தோசைக்கல். தோசைக்கல்லின் மேலே ஒரு முறம் தணல்! மேலே தணல், கீழே தணல். "கீழே ஒரு பங்குன்னா மேலே ரெண்டு பங்கு" என்றார். அடியில் தீ மிஞ்சினால் பால் பிடித்துவிடும்.

கிழங்கை அவர் சீவிய அழகை நான் சொல்லியே ஆகவேண்டும். இரண்டு ஒற்றை ரூபாய் நாணயங்களை அடுக்கிய கனம். ஒரு வில்லை கூடாது, ஒரு வில்லை குறையாது. ஒரு கிலோ கிழங்கும் பேச்சு முடிவதற்குள் முடிந்துவிட்டது. அலசப் போன அம்மாவைத் தடுத்தார். வெட்டிய பின் அலசினால் மேலே ஒட்டியுள்ள மாவுச்சத்து ஓடிவிடும். பாலைக் கெட்டியாக்குவது அந்த மாவுதானாம். வெங்காயத்தில்தான் சண்டை வந்தது. அவருக்குப் பல்லாரி வேண்டும். ஆச்சிக்கு உள்ளி இல்லாத கறி கறியாகாது. கடைசியில் கால் கிலோ பல்லாரியோடு ஒரு பிடி உள்ளியும் சேர்ந்தது. வெண்ணெயில், சிறுதீயில், அரைமணி நேரம். அவசரப்படவே இல்லை அவர். வெங்காயத்தின் காரம் அடங்கி இனிப்பு வெளிவரும்வரை கரண்டியைக் கீழே வைக்கவுமில்லை.

பாற்குழம்புக்கு வெண்ணெயில் மைதாவைப் பச்சை மணம் போக வறுத்து, முக்கால் லிட்டர் பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கிண்டினார். உப்பு, மிளகு, ஒரு சிட்டிகை ஜாதிக்காய்த் துருவல். பண்டா தீவுகளில் பிறந்த ஜாதிக்காய்க்காக ஐரோப்பியர் கடல் கடந்து போரிட்ட கதையை நாங்கள் வகுப்பில் படிக்கிறோம். எங்களுக்கு அது குலசேகரம் பக்கமிருந்து சித்தப்பா கொண்டு வந்த பொட்டலத்தில் இருந்தது!

வெங்காயம் ஓர் அடுக்கு, கிழங்கு ஓர் அடுக்கு, பாற்குழம்பு. மறுபடியும் அப்படியே. ஒருமணி நேரம் ஆனபின், கத்தி முனை தடையின்றி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சீஸைத் தூவினார். முதலிலேயே தூவினால் கிழங்கு வேகுமுன் மேலே கரிந்துவிடும். பிறகு புதிய தணல் அள்ளிப் போட்டுக் கால்மணி நேரம்.

அந்தக் கால்மணி நேரத்தில் இந்தப் பண்டத்தின் பூர்வோத்தரத்தையும் சொல்லிவிடுகிறேன். இதன் மூத்த உறவு பிரான்சு நாட்டின் தோஃபினே மாகாணத்துக் கிராட்டின். 1788 ஜூலை 12 அன்று காப் என்னும் ஊரில் நடந்த ஒரு விருந்தில் அது பரிமாறப்பட்டது என்று குறிப்பு இருக்கிறது. பாஸ்டில் சிறை வீழ்ந்தது 1789 ஜூலை 14. ஓராண்டும் இரண்டு நாளுமே இடைவெளி! அந்த மூலப் பண்டத்தில் சீஸும் இல்லை, வெங்காயமும் இல்லை. பாலும் கிழங்கும் பூண்டின் மணமுமே. சுவீடன் நாட்டாரோ கிழங்கு, வெங்காயம், பாலேடு இவற்றோடு, நம் நெத்திலி போன்ற சிறுமீனை ஊறவைத்து இடையில் அடுக்கிச் சுடுவர். கிறிஸ்துமஸ் விருந்தில் உண்ணும் அதற்கு 'யான்சனின் சபலம்' என்று பெயராம். மணக்குடியிலும் குளச்சலிலும் இதைச் சொன்னால் நம்மவர் விடமாட்டார்கள்.

'கிராட்டின்' என்ற சொல்லின் வேரை நூலகத்து அகராதியில் தேடினேன். சுரண்டுதல் என்னும் பொருளுள்ள பிரெஞ்சு வினையிலிருந்து வந்ததாம். பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டு, சுரண்டி எடுக்கப்படும் பொருக்குக்கு முதலில் வழங்கிய பெயர். நம் வீட்டுக் காந்தல்தான்! பால் காய்ச்சிய சட்டியின் காந்தலுக்கு அக்காளும் நானும் அடித்துக்கொண்ட நாள்கள் நினைவுக்கு வந்தன.

தோசைக்கல்லைத் தூக்கியபோது எழுந்த மணத்தை எழுத எனக்குத் தமிழ் போதாது. உடனே பரிமாற அப்பா விடவில்லை. பத்து நிமிடம் ஆறினால்தான் பால் இறுகி வில்லை வில்லையாக எடுக்கவரும் என்றார். ஆச்சி குனிந்து பார்த்தாள். அவள் பார்த்தது நிறத்தை.

"உள்ளித் தீயலுக்குத் தேங்கா வறுத்த பக்குவம்லா இது!" என்றாள்.

எங்கள் வீட்டில் இதற்குமேல் ஒரு பாராட்டுக் கிடையாது. தீயலுக்குத் தேங்காய் வறுப்பதில் ஒரு நொடி முந்தினால் பச்சை, ஒரு நொடி பிந்தினால் கசப்பு. அந்த நொடியை அறுபது ஆண்டுகளாகக் கைவசம் வைத்திருப்பவள் அவள். தன் மகன் கையிலும் அந்த நொடி இருக்கிறது என்பதை அன்றுதான் கண்டாள். ஒரு துண்டு தின்றாள். வாயு என்னும் பேச்சே எழவில்லை. சீஸின் மணம் மட்டும் "கொஞ்சம் ஊசின மோர் மாதிரி" இருக்கிறதாம். இருந்தாலும் இரண்டாம் துண்டுக்கு அவளே தட்டை நீட்டினாள். அம்மா பேசாமல் உண்டாள். பிறகு, "இதையா பதினெட்டு வருசமா ஊரான் தின்னான்?" என்று கேட்டாள். கேலியா கோபமா தெரியவில்லை. அப்பா உருளியின் விளிம்பைக் கரண்டிக் காம்பால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

அன்றிரவு அம்மாதான் கணக்கு நோட்டை எடுத்தாள். கிழங்கு 45 ரூபாய், பல்லாரியும் உள்ளியும் 20, பால் 44, வெண்ணெய் 35, சீஸ் 130, மைதா வகையறா 10. ஆக 284. சிரட்டைக்குக் காசில்லை. பத்துத் தட்டு வரும். தட்டு ஒன்றுக்கு 28 ரூபாய் 40 காசு. சீஸைப் பாதியாக்கினால் 22 ரூபாய்க்குள் அடங்கும் என்றாள். அப்பா ஒப்பவில்லை. "பாதி போட்டா அது வேற சாதனம்" என்றார். தொழிலில் அவர் இவ்வளவு பிடிவாதக்காரர் என்பது எனக்குப் புதிய செய்தி.

அதன்பின் ஏழு முறை செய்துவிட்டார். ஒரு முறை மரச்சீனியில் செய்து பார்த்தார். நார் தட்டுப்பட்டது, தமக்குப் பிடிக்கவில்லை என்றார். எனக்குப் பிடித்திருந்தது. பழைய இரும்புப் பீப்பாயை அறுத்து, மேல்தட்டில் தணல் இடும்படியாக ஒரு பெட்டி அடுப்புக்கு வடசேரியில் ஒரு பட்டறையில் விலை கேட்டிருக்கிறார். ஏஜெண்டுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

போன வாரம் புத்தகப்பையோடு நான் புறப்படும்போது அப்பா படிப்புரையிலிருந்து கூப்பிட்டார். "மக்களே, உங்க காலேஜ் வாசல்ல சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு வண்டி போட்டா, தட்டு நாப்பது ரூவான்னா பிள்ளைய வாங்குமா? சும்மா கேட்டுப் பாரு."

நண்பர்களே, கேட்டுவிட்டேன். மே மாதம் முடிவதற்குள் வரலாற்றுத் துறைப் பக்கம் வந்து எவரேனும் பதில் சொல்லுங்கள். நாற்பது அதிகம் என்றால் அதையும் சொல்லுங்கள். ஆனால் சீஸைக் குறைக்கச் சொல்லாதீர்கள், அவர் கேட்கமாட்டார்.