காது வைத்த செயின்சா

போன வருடம் போனஸ் வந்தபோது, யார் யார் என்ன வாங்கினோம் என்று நிலையத்தில் பேச்சு ஓடியது. ஒருவர் கைப்பேசி என்றார், ஒருவர் கேமரா என்றார். என் முறை வந்ததும் "செயின்சா" என்றேன். சில நொடிகள் சத்தமே இல்லை. நேரலையில் அப்படி ஓர் அமைதி விழுந்தால் மறுநாள் மெமோ வரும். "எதுக்கு தம்பி, மேனேஜருக்கா?" என்றார் செய்தி வாசிக்கும் அக்கா.

மரம் வெட்டத்தான் அக்கா. அதிலும் இது கார்புரேட்டரைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும் ரகம். 50 சிசி என்ஜின், பாரும் செயினும் சேர்க்காமல் ஏறக்குறைய ஐந்து கிலோ எடை. வீட்டு வேலைக்குக் கொஞ்சம் பெரியது, காட்டு வேலைக்குக் கொஞ்சம் சிறியது. இந்தத் தொழில்நுட்பத்துக்கு ஜெர்மனியின் ஷ்டீல் நிறுவனம் எம்-ட்ரானிக் என்று பெயர் வைத்தது. ஸ்வீடனின் ஹஸ்க்வர்னா ஆட்டோடியூன் என்றது. பாடகரின் சுருதி விலகினால் இழுத்துப் பிடிக்கும் மென்பொருளுக்கும் அதே பெயர்தான் என்பதால், கடையில் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னுடையது எந்த பிராண்ட் என்று இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் எங்கள் விளம்பரப் பிரிவு எனக்கே பில் அனுப்பும்.

உண்மையில் அதை அப்பாவுக்காகத்தான் வாங்கினேன். அவரிடம் மட்டும் அப்படிச் சொல்லவில்லை.

அப்பாவுக்கு சுங்கை சிப்புட் பக்கம். ரப்பர் மரம் இருபத்தைந்து, முப்பது வருடத்தில் பால் குறைந்துவிடும். அந்தக் கிழட்டு மரங்களைச் சாய்த்துவிட்டு மறுநடவு செய்வார்கள், அல்லது செம்பனைக்கு மாறுவார்கள். சாய்க்கும் குத்தகை எடுத்தவரிடம் இளவயதிலேயே சேர்ந்தவர் அப்பா. வெட்டிய மரம் மேசை நாற்காலியாக எங்கெங்கோ போனது. அப்பா கையில் செயின்சா தங்கிவிட்டது. இப்போது சொந்தமாக மூன்று ஏக்கர் டுரியான் தோட்டம். காற்றடித்து ஒடிந்த கிளை, பட்டுப்போன மரம் என்று வாரத்துக்கு ஒரு நாளாவது அவருக்கு மிஷின் வேண்டும்.

பழைய செயின்சாவின் பக்கவாட்டில் இரண்டு குட்டித் திருகாணிகள் இருக்கும். ஒன்று மெதுவாக ஓடும்போது போகும் பெட்ரோலுக்கு, மற்றது முழு வேகத்துக்கு. ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரை வைத்து அப்பா அதைத் திருகும் அழகைச் சின்ன வயதில் வாய் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். கால்சுற்று திருப்பி நிறுத்தி, தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்பார். "வெறுங்காத்துல கொரகொரன்னு இருக்கணும். கட்டைக்குள்ள எறங்கினா தெளிஞ்சிரணும். ரெண்டு எடத்துலயும் தெளிவா பாடுச்சின்னா, சாகப் போகுதுன்னு அர்த்தம்."

அதன் காரணம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. இந்த டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்குத் தனியாக எண்ணெய்த் தொட்டி கிடையாது. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி என்று கலந்து ஊற்றும் எண்ணெய்தான் உள்ளே இருக்கும் பிஸ்டனைக் காப்பாற்றுகிறது. பெட்ரோல் குறைந்து காற்று கூடினால் சூடும் ஏறும், எண்ணெயும் குறையும். மிஷின் முன்னைவிட வேகமாக, கூர்மையாகக் கத்தும். கேட்பவர்களுக்கு நன்றாக ஓடுவதாகத் தோன்றும். கடைசியில் பிஸ்டன் சிலிண்டரோடு உரசிப் பிடித்துக்கொள்ளும்.

அப்பாவின் பழைய மிஷின் அப்படித்தான் செத்தது. கடைக்காரர், அப்பாவோடு முப்பது வருடப் பழக்கமுள்ள சீன அங்கிள், பிஸ்டனைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். நகத்தால் பிறாண்டியதுபோல் நீளநீளமாகக் கோடுகள். "அய்யா எப்பவும் இப்படி விடமாட்டாரே" என்றார் மலாயில், குரலைத் தாழ்த்தி. அப்பா பெட்ரோல் சரியில்லை என்றார். வீட்டுக்கு வரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

காரில் வானொலி ஓடிக்கொண்டிருந்தது. ஒலியைக் கூட்டினார். நான் குறைத்தேன். மறுபடி கூட்டினார்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன் என் நிகழ்ச்சியைப் பற்றி ஒரு விமர்சனம் சொல்லியிருந்தார். "நல்லாத்தான் பேசுற. ஆனா 'ச' எல்லாத்தையும் முழுங்குற. 'ஸ' சுத்தமா வரல." எனக்குச் சுருக்கென்றது. ஊடகத்துறையில் பட்டம் வாங்கி, பத்து வருடமாக மைக் முன்னால் உட்கார்ந்திருப்பவனிடம் சொல்லும் வார்த்தையா? இரண்டு வாரம் ஒலிப்பதிவுகளைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். என் 'ச' இருந்த இடத்தில்தான் இருந்தது. அவரிடம் கொஞ்சம் முறைத்துக்கொண்டுகூடத் திரிந்தேன்.

காரில் அந்த நிமிடம்தான் இரண்டும் சேர்ந்து உறைத்தது. 'ஸ' போன்ற ஒலிகளின் உயிர் மேல் அலைவரிசையில் இருக்கிறது. நாலாயிரம் ஹெர்ட்ஸ், அதற்கும் மேலே. ஒலிப்பதிவு அறையில் நாங்கள் தினமும் கூட்டிக் குறைக்கும் பகுதி அது. நிமிடத்துக்குப் பதின்மூவாயிரம் சுற்று ஓடும் செயின்சாவின் அடித்தொனி இருநூறு ஹெர்ட்ஸ் சொச்சம்தான். அது அப்பாவுக்குக் கேட்கிறது. மேலே ஏறும் கூர்மைதான் கேட்கவில்லை. மிஷின் சாகப் போவதாகக் கத்தியிருக்கிறது. அவருக்குக் கொரகொரவென்றே இருந்திருக்கிறது.

ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஒரு செயின்சா இயக்குபவரின் காதருகே நூறு டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். நம் நாட்டு 2019ஆம் ஆண்டு சத்த விதிமுறைப்படி ஒரு தொழிலாளி எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல்தான் தாங்கலாம். மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். கணக்குப் போட்டால் நூறு டெசிபலுக்கு ஒரு நாளைக்குக் கால் மணி நேரம். அப்பா காதில் ஒன்றும் இல்லாமல், சில சமயம் பஞ்சு வைத்து, பகல் முழுக்க மரம் சாய்த்தவர்.

ஆக, தனக்குத் தானே காது வைத்த மிஷினை வாங்கினேன். உள்ளே நடப்பது மாயமில்லை. கார்புரேட்டரில் ஒரு சின்ன மின்வால்வு, பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் பார்க்கிறது. அதற்கு என்ஜின் சுற்று எப்படி மாறுகிறது என்று கட்டுப்பாட்டுச் சிப் கவனித்து, சரியான இடத்தில் நிறுத்துகிறது. பேட்டரி கிடையாது. சுழலும் சக்கரத்தின் காந்தமே மின்சாரம் தருகிறது. கடைசியாகப் பிடித்த அளவை நினைவிலும் வைத்துக்கொள்ளும். அப்பா செய்ததும் இதேதான், ஸ்க்ரூ டிரைவரோடு.

பயன்படுத்திய வகையில் சொல்ல வேண்டுமானால், வேலைக்கு நடுவில் நிறுத்தித் திருக வேண்டியதில்லை. காலைக் குளிரிலும் மதிய வெயிலிலும் ஒரே மாதிரி ஓடுகிறது. ரிங்லெட்டில் இருக்கும் சித்தப்பாவின் காய்கறித் தோட்டத்துக்கு ஒருமுறை கொண்டு போனோம். மலையில் காற்று மெலிந்திருக்கும், கீழே சரியாக இருந்த கலவை அங்கே பெட்ரோல் கூடிப் புகை தள்ளும். பழைய மிஷினோடு போகும்போதெல்லாம் அப்பா போய் இறங்கியதும் முதல் வேலையாகத் திருகாணியைத் திருகுவார். இந்த முறை பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, திருப்ப இடம் தேடி, திரும்ப உள்ளே வைத்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

குறையும் உண்டு. முதல் மாதத்தில் சூடாக இருக்கும்போது நிறுத்திவிட்டு மறுபடி கிளப்பினால் முரண்டு பிடித்தது. மழுங்கிய செயினையும் அடைத்துப்போன காற்று வடிகட்டியையும் எந்தச் சிப்பும் சரிசெய்யாது. கலந்து வைத்து மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோலை ஊற்றினால் இதுவும் படுத்துக்கொள்ளும். அப்பாவின் புகார் இதைவிட ஆழமானது. "முன்ன எங்கயாவது காத்து உறிஞ்சினா மிஷின் கத்தும், நாம தேடுவோம். இது தானே பெட்ரோலைக் கூட்டி சமாளிச்சிக்கும். நோய வெளியில காட்டாது. முடியாத அன்னைக்கு ஒரேயடியா விழும்."

அம்மா டீ கொண்டு வந்தவர் நின்றார். "யாரப் பத்தி பேசிக்கிட்டிருக்கீங்க?" என்றார். அப்பா பதில் சொல்லவில்லை.

அந்த முரண்டுக்காக மிஷினைக் கடைக்குக் கொண்டு போனோம். அங்கிள் ஒரு வயரைச் சொருகி, மறுமுனையை மடிக்கணினியில் மாட்டினார். இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியது என்பதுகூடத் திரையில் வந்தது. புதிய மென்பொருளை ஏற்றிக் கொடுத்தார், முரண்டு போனது. அப்பா அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஈசிஜி மாதிரி இருக்கே" என்றார். காரில் ஏறியபின், ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "காதுக்கும் இந்த மாதிரி எடுப்பாங்களா?" என்று கேட்டார்.

எடுப்பார்கள் என்றேன். எதுவும் சேர்த்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மனம் மாறியிருப்பார்.

பரிசோதனைத் தாளில் கோடு சமமாக வந்து, மேல் அலைவரிசையில் பள்ளத்தில் இறங்கியது. சத்தத்தில் பழுதான காதுகளில் நாலாயிரம் ஹெர்ட்ஸ் பக்கம் இந்தப் பள்ளம் வழக்கமாக வருவதாம். போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார் பரிசோதித்தவர். இரண்டு காதுக்கும் கருவி. மரம் வெட்டும்போது மட்டும் கருவியைக் கழற்றிவிட்டு, காதை முழுக்க மூடும் மஃப் போட வேண்டும். முதல் நாள் மஃப் போட்டதும் "மிஷின் என்ன சொல்லுதுன்னே தெரியல" என்று சலித்துக்கொண்டார். பிறகு பிடியில் இருந்த உள்ளங்கையைக் கொஞ்சம் அழுத்தி வைத்து, அதிர்வைப் பார்த்துத் தலையாட்டினார்.

செயின் தீட்டுவது இன்னும் அவர் கையில்தான். ஒவ்வொரு பல்லுக்கும் அரத்தால் மூன்று இழுப்பு. நான் தீட்டினால் மிஷின் ஒரு பக்கமாகக் கோணி வெட்டுகிறது. "இதுக்கு கம்ப்யூட்டர் வரலியா?" என்று கேட்டுவிட்டு அரத்தைப் பிடுங்கிக்கொள்வார்.

போன வாரம் என் காலை நிகழ்ச்சி முடிந்ததும் போன் வந்தது. அப்பா. எடுத்ததும் வணக்கம்கூட இல்லை.

"இப்பதான்டா 'ச' சரியா வருது. பயிற்சி எடுத்தியா?"

"ஆமாப்பா" என்றேன்.