காளை பலம் எத்தனை மணி நேரம்?

கருங்குழிக்குப் பக்கத்து ஊர் மதுராந்தகம். அங்கே இருப்பவர் ஏரி காத்த ராமர். 1790களில் லயனல் பிளேஸ் கலெக்டராக இருந்தபோது, அடைமழையில் ஏரிக்கரை உடையப் போகிற நிலைமை. அந்த ராத்திரி ராமரும் லட்சுமணரும் வில்லோடு கரையில் காவல் நின்றதை அவர் பார்த்தார் என்பது ஊர்க்கதை. ஒரு விஷயம் கவனிச்சீங்களா? காவல் ஒரே ஒரு ராத்திரிதான். வருஷம் பூரா ராமரே நின்றிருந்தால் கரைக்கு யார் மண் போடுவார்கள்? :)

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டிலும் இதே பிரச்சினைதான். தெரியாதவர்களுக்காக: நாலஞ்சு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு இது. ஒருத்தர் கதை நடத்துவார். பூதம், பிசாசு எல்லாம் அவர் கையில்.

இதில் 'புல்ஸ் ஸ்ட்ரெங்த்' என்று ஒரு மந்திரம். போட்டால் காளை பலம். 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில் அது லெவலுக்கு 1 மணி நேரம் நிற்கும். 10-வது லெவல் மந்திரவாதி போட்டால் 10 மணி நேரம்! காலையில் காபி மாதிரி எல்லாருக்கும் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். 2003-ல் 3.5 பதிப்பு வந்தது. அதே மந்திரம் லெவலுக்கு 1 நிமிஷம் ஆனது. 10 மணி நேரம் 10 நிமிஷமாகச் சுருங்கியதில் பலருக்குக் கடுப்பு.

ஆனால் நாள் முழுக்க மந்திரம் நின்றால் என்ன ஆகும்? எல்லாரும் எப்போதும் பலசாலி. கதை நடத்துபவர் சும்மா இருப்பாரா? பூதத்தின் பலத்தையும் ஏற்றுவார். கடைசியில் யாருக்கும் லாபமில்லை, மந்திரம் போட மறந்த அன்றைக்கு மட்டும் செம அடி. வரமாக வந்தது வரியாக மாறிவிடுகிறது. டி20-யில் பவர்பிளே 6 ஓவர். 20 ஓவரும் அதே என்றால் அதற்குத் தனிப்பெயர் எதற்கு?

இதில் பாவம், மந்திரவாதியாக ஆடுகிறவன்தான். காலையில் நாலு பேருக்கு மந்திரம் போட்டதோடு அவன் வேலை முடிந்தது. மற்றவர்கள் சண்டை போட, அவன் மொபைலை நோண்டிக்கொண்டு இருப்பான். அடுத்த வாரம் "வேலை இருக்கு மச்சி" என்பான். அதற்கடுத்த வாரம் ஆட்டமே இருக்காது.

சரி, நிமிஷக் கணக்கு மட்டும் போதுமா? அதிலும் சிக்கல். மந்திரம் தீருவதற்குள் அடுத்த அறைக்கு ஓடு, அடுத்த கதவை உடை என்று எல்லாரும் பறப்பார்கள். கதை அடிபட்டுப் போகும்.

2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு வேறு வழி பிடித்தது. இந்த மாதிரி மந்திரங்கள் பலவற்றுக்குக் கவனம் சிதறாமல் இருக்க வேண்டும் என்று விதி. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பிடித்து வைக்கலாம். மந்திரவாதிக்கு அடி விழுந்தால் பகடை உருட்டணும், தோற்றால் மந்திரம் போச்சு. கால அளவு இருக்கிறது, ஆனால் கடிகாரத்தை மட்டும் நம்பி இல்லை. மந்திரவாதியைக் காப்பாற்ற வாள்காரன் குறுக்கே நிற்கணும். ரெண்டு பேருக்குமே வேலை!

சொந்தமாக விதி எழுதுகிறவர்கள் மணியா நிமிஷமா என்று மண்டையை உடைத்துக்கொள்வதற்கு முன்னால் ஒன்று கேட்கலாம். இந்த மந்திரம் நிற்கிற வரைக்கும் மேஜையில் யார் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்? அவர்களுக்கு வேலை வருகிற மாதிரி நேரத்தை வைத்தால் போதும்.