உளுந்தும் உறக்கமும்

தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இரண்டு தேதிகள் மனப்பாடம். ஜூன் 12, மேட்டூர் அணை திறக்கும் நாள். ஜனவரி 28, மூடும் நாள். எல்லா வருடமும் அப்படியே நடப்பதில்லை. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28 வரை காத்திருந்தோம். ஆனாலும் வருடத்தில் ஒரு நாலரை மாதம் ஆறும் வாய்க்காலும் காய்ந்து கிடக்கும் என்பதுதான் நம் ஊர் வழக்கம்.

திறப்பதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். நெல் தூவி, பூத் தூவி, பேப்பரில் படம் வருகிறது. மூடுவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இன்று அதைப் பற்றிக் கொஞ்சம் எழுதலாம் என்று தோன்றியது.

எங்கள் அப்பா காலத்தில் தை, மாசியில் அறுவடை முடிந்தால் வயலில் உளுந்து, பயறு தவிர வேறு வேலை கிடையாது. அதுவும் எடுத்தான பிறகு நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கால் வைத்தால் கணுக்கால் உள்ளே போகும். "நிலம் மூச்சு வாங்குதுடா" என்பார் அப்பா. அவர் சொன்னது சரிதான். நாலைந்து மாதம் தண்ணீரில் ஊறிய களிமண்ணுக்குள் வெடிப்பு வழியாகத்தான் காற்று போகிறது. சித்திரையில் ஒரு மழை விழுந்ததும் கோடை உழவு ஓட்டினால் களையின் வேரும் பூச்சியின் கூட்டுப்புழுவும் மேலே வந்து வெயிலில் காய்ந்து போகும். ஒரு பலம் புழுதியைக் கால் பலமாகும் வரை காயவிட்டால், பிடி எருகூட இல்லாமல் பயிர் செழிக்கும் என்று உழவு அதிகாரத்தில் வள்ளுவரே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சும்மா கிடப்பதாக நமக்குத் தெரிகிற நிலம் உண்மையில் அடுத்த போகத்துக்கான வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஆழ்குழாய்க் கிணறு வந்த பிறகு இந்தக் கணக்கு மாறியது. பாபநாசம் பக்கத்தில் என் தம்பி ஐந்து ஏக்கர் பார்க்கிறான். குறுவை, தாளடி, அதற்கு மேல் போர் தண்ணீரில் கோடை நெல். மூன்று போகம். ஊரில் நல்ல உழைப்பாளி என்று பெயர். மும்முனை மின்சாரம் எப்போது வருமோ அப்போதுதான் மோட்டார் ஓடும். பல நாள் அது நடுராத்திரியில் வரும். டார்ச்சும் மண்வெட்டியுமாக மடை திருப்பிவிட்டு, மோட்டார் கொட்டகையிலேயே கயிற்றுக் கட்டிலில் சாய்ந்துகொள்வான். விடிந்தால் மறுபடி ஆள், உரம், மருந்து என்று ஓட்டம்.

இரண்டு வருடம் முன்பு பங்குனியில் ஒருநாள் காலை வரப்பில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டான். தஞ்சாவூருக்குக் கொண்டுவந்து பார்த்தபோது ரத்த அழுத்தம் 180-க்கு 110. மூன்று நாள் படுக்கை. அவனுக்கு அப்போது 61 வயது. உப்பு, ஊறுகாய் பற்றிக் கேட்பார் என்று நினைத்தோம். டாக்டர் முதலில் கேட்டது வேறு.

"ராத்திரி எத்தனை மணிக்குப் படுப்பீங்க?"

"கரண்டு எப்ப வருதோ அதைப் பொறுத்து சார்."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். பகலில் ஏறி இறங்கும் ரத்த அழுத்தம் நல்ல தூக்கத்தில் தானாகக் குறையும். இருதயத்துக்கும் ரத்தக் குழாய்களுக்கும் அதுதான் இளைப்பாறும் நேரம். தூக்கம் கெட்டால் அந்த நேரம் கிடைக்காது. சர்க்கரையும் கட்டுக்கு அடங்காது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் ஏழெட்டு மணி நேரத் தூக்கம் வேண்டும். வயதானால் தூக்கம் தேவையில்லை என்று நாம் சொல்லிக்கொள்வது சரியில்லை. தூக்கம் லேசாகிறது, சீக்கிரம் விழிப்பு வருகிறது. தேவை அப்படியொன்றும் குறைந்துவிடுவதில்லை.

வீட்டுக்கு வந்து அண்ணன் தம்பி இருவரும் காகிதத்தில் கணக்குப் போட்டோம். கோடை நெல்லை விட்டால் கையில் வருவது குறையும். ஆனால் தாளடி அறுப்புக்குச் சில நாள் முன்பு நிற்கும் பயிருக்குள்ளேயே உளுந்து தெளித்தால், மண்ணில் இருக்கும் ஈரத்திலும் பனியிலுமே அது வளர்ந்துவிடும். ஆடுதுறை 3 ரகம் 70 நாளில் கைக்கு வரும். அறுவடை மெஷின் சக்கரம் ஏறிய இடத்தில் கொஞ்சம் போகும், மீதி தேறும். நெல் அளவுக்குப் பணம் கிடையாது, செலவும் அந்த அளவுக்குக் கிடையாது. அதன் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து மண்ணில் சேர்க்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், உளுந்துக்கு ராத்திரியில் மோட்டார் போட வேண்டாம்.

"அப்ப இது எனக்குத்தான் மருந்துங்குறீங்களா அண்ணே?" என்று சிரித்தான்.

அந்தத் தையிலேயே தெளித்தான். மாத்திரையை நிறுத்தவில்லை. நிறுத்தவும் கூடாது. ஆனால் இன்றைக்கு அவனுடைய அளவு 130-ஐ ஒட்டி நிற்கிறது. குறுவை நடவு நேரத்தில் முன்புபோல மத்தியானம் சோர்ந்து விழுவதில்லை என்கிறான்.

பழைய காலத்தில் எல்லோரும் நன்றாக ஓய்வெடுத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மத்தியானம் திண்ணையில் துண்டை விரித்துப் படுத்தவர்கள் ஆண்கள், அதிலும் நிலம் உள்ளவர்கள். குனிந்து நட்ட பெண்களுக்குத் திண்ணை ஏது? எங்கள் அம்மா பாத்திரம் கழுவி முடிக்கப் பத்து மணி. மறுபடி நாலு மணிக்கு வாசல் தெளிக்க எழுந்துவிடுவார். வேலையிலிருந்து நமக்கு ஓய்வு கொடுத்து ஓய்வூதியமும் வருகிறது. அடுப்படியில் நிற்பவருக்கு அந்த உத்தரவை யாரும் போடவில்லை. எங்கள் வீட்டில் இரவுச் சமையல் எட்டு மணியோடு முடிந்தது. பாத்திரம் என் பொறுப்பு.

தம்பியைப் பார்த்து நான் கடைப்பிடிக்கும் சில விஷயங்கள் உங்களுக்கும் உதவலாம். மதியச் சாப்பாட்டுக்குப் பின் அரை மணிக்குள் ஒரு சின்னத் தூக்கம், மூன்று மணிக்கு மேல் இல்லை. டிகிரி காபி மத்தியானத்தோடு சரி, அதன் வேகம் உடம்பில் பல மணி நேரம் நிற்கும். ஒன்பதரைக்குப் போன் கூடத்தில், நான் அறையில். காலையில் எழும் நேரம் தினமும் ஒன்றே. வீட்டில் ரத்த அழுத்தம் பார்ப்பவர்கள் காபி குடித்த அரை மணிக்குள் பார்க்காதீர்கள். ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து, பேசாமல் உட்கார்ந்த பிறகு பாருங்கள். அந்த ஐந்து நிமிடமே ஒரு நல்ல பழக்கம்.

படுத்தும் தூக்கம் வராமலோ, குறட்டையோடு மூச்சு முட்டி எழுந்தாலோ, பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் மாத்திரையை வாங்காமல் டாக்டரிடம் போங்கள்.

போன வாரம் தம்பி வீட்டு உளுந்து ஒரு மரக்கால் வந்தது. தோலோடு கஞ்சி வைத்தோம். அவனுடைய போர் கிணற்றிலும் தண்ணீர் கொஞ்சம் மேலே வந்திருக்கிறதாம்.